வெற்றிடத்தின் இலக்கணம்

நுழையும்முன்

படிவம் ஒன்றில் நிரப்பப்படாத இடங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தெரியாமையால் விடப்பட்ட இடமும், பொருந்தாமையால் விடப்பட்ட இடமும் ஒன்றல்ல. மனிதர் இவ்வேறுபாட்டைக் குறிப்பால் உணர்ந்துகொள்வர். கணினிக்கோ அதனைக் கற்பிக்க வேண்டியுள்ளது. சொற்களைப் பெயர் என்றும் வினை என்றும் வகுத்துக் கண்ட தமிழ் இலக்கண அறிவு, தரவுத்தள வடிவமைப்பில் எழும் இச்சிக்கலுக்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உடுக்குறி இட்ட கட்டம்

இணையவழி விண்ணப்பம் ஒன்றில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரு கட்டங்கள் உள்ளன. இரண்டின் அருகிலும் சிவப்பு நிறத்தில் உடுக்குறி இடப்பட்டுள்ளது. உடுக்குறி இட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலாது. தமிழ்நாட்டு மாணவி ஒருத்தி தன் பெயரை முதற்கட்டத்தில் எழுதுகிறாள். இரண்டாம் கட்டத்தில் எழுத அவளிடம் எதுவும் இல்லை. அவள் வீட்டில் எவருக்கும் குடும்பப்பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே அவளுக்குத் தலைப்பெழுத்து. இந்நிலையில் சிலர் அக்கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுவர். சிலர் தலைப்பெழுத்தை மட்டும் இடுவர். சிலர் தம் பெயரையே மீண்டும் எழுதுவர். வேறு சிலர் ஒரு புள்ளியை வைத்து நகர்ந்துவிடுவர். இந்நான்கும் அத்தரவுத்தளத்தில் ‘குடும்பப்பெயர்’ என்றே பதிவாகின்றன.

தமிழர் பெயரில் இவ்விடம் வெறுமையாக இருப்பது தற்செயலன்று. சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் இணைத்து வழங்கும் வழக்கம் முன்னர் இங்கும் இருந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைத் துறக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் பரவிய உணர்வினால் பல்லாயிரவர் தம் பெயரின் பின்னொட்டை விரும்பியே விட்டனர். எனவே, இங்குள்ள வெற்றிடம் மறதியாலோ அறியாமையாலோ நேர்ந்ததன்று. அது ஒரு சமுதாயம் தேர்ந்துகொண்ட வெற்றிடம்.

அத்தகைய பெயருடையோர் அயல்நாடு செல்லும்போது வேறொரு விந்தையைக் காண்கின்றனர். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருக்குமாயின், அமெரிக்க நுழைவிசைவில் அப்பெயர் குடும்பப்பெயராகக் கொள்ளப்படும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்னும் மூன்று எழுத்துகள் இடம்பெறும். ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்னும் தொடரின் சுருக்கம் அது. தம் பெயர் எதுவென்பதை அவர் அறிவார். அவரைப் பெற்றோரும் அறிவர். இருப்பினும் ஆவணம் ‘அறியப்படவில்லை’ என்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட கடவுச்சீட்டுடன் பார்வையாளராக வருவோரை அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, வானூர்தி நிலையம் வரை வந்த சிக்கலாக இது மாறியது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது.

ஒரு சிறு கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று விதிக்கும் ஆணை தரவுத்தளத்தில் எங்கிருந்து வருகிறது? அதனை எங்கு விதிப்பது முறை, எங்கு விதிப்பது பிழை?

அட்டவணையும் வெறுமையும்

1970ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், பெருந்திரளான தரவுகளைச் சேமிப்பதற்குப் புதியதொரு முறையை முன்மொழிந்தார். தரவுகள் யாவும் அட்டவணைகளாக அமைய வேண்டும். ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் உள்ள தொடர்பு, அவற்றில் இடம்பெறும் மதிப்புகளாலேயே அறியப்பட வேண்டும் என்பது அம்முறையின் சாரம். உறவுநிலைத் தரவுத்தளம் என இன்று வழங்கப்படுவது அதுவே. வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு முடிவு எனப் பலவற்றின் அடியிலும் இத்தகைய அட்டவணைகள் உள்ளன. இப்பணிக்காகக் காட் 1981இல் டியூரிங் விருது பெற்றார்.

அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம். பதிவொன்றில் ஒரு புலத்திற்கு மதிப்பு இல்லாதபோது, அவ்விடத்தில் ‘நல்’ என்னும் குறி இடப்படும். தமிழில் ‘நல்’ என்றால் நல்லது என்பதால், இவ்வயற்சொல்லை அப்படியே ஆளுவது மயக்கம் தரும். ஆகவே இப்பாடத்தில் அது ‘வெறுமை’ எனப்படுகிறது. வெறுமை என்பது சுழியம் அன்று. சுழியம் ஓர் எண். அதனைக் கூட்டலாம், பெருக்கலாம். வெறுமை வெற்றுச்சரமும் அன்று. வெற்றுச்சரம் என்பது எழுத்து ஒன்றும் இல்லாத, எனினும் எழுதப்பட்ட ஒரு மதிப்பு. (ஆரக்கிள் தரவுத்தளம் மட்டும் வெற்றுச்சரத்தையும் வெறுமையாகவே கொள்ளும். ஒரு தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோரை இவ்வேறுபாடு அலைக்கழித்துவிடும்.)

மாணவர் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இதனைத் தெளிவாக்கும். தேர்வில் ஒருவர் 80 மதிப்பெண்ணும் மற்றொருவர் 60 மதிப்பெண்ணும் பெற்றனர்; மூன்றாமவர் தேர்வெழுத வரவில்லை. வராதவரின் மதிப்பெண் புலம் வெறுமையாக இருப்பின், தரவுத்தளம் அவரை விலக்கிவிட்டு இருவருக்குமான சராசரியை 70 எனக் கூறும். அவ்விடத்தில் சுழியம் இடப்பட்டிருப்பின், சராசரி 47க்கும் கீழே இறங்கிவிடும். வராதவரும் வந்து ஒன்றும் எழுதாதவரும் ஒருவரே எனக் கொள்வது எத்துணைப் பெரிய பிழை என்பதை வகுப்பிலுள்ள எவரும் அறிவர்.

வெறுமைக்குள்ளும் இருவகை உண்டு. ஒருவருக்குப் பிறந்தநாள் உண்டு, ஆனால் நமக்குத் தெரியாது என்பது ஒருவகை. ஒருவருக்குக் குடும்பப்பெயரே இல்லை என்பது மற்றொரு வகை. முன்னதை அறியா வெறுமை என்றும், பின்னதைப் பொருந்தா வெறுமை என்றும் வழங்கலாம். காட் 1990இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறிகள் வேண்டும் என வலியுறுத்தினார். நடைமுறையில் வேரூன்றிவிட்ட எஸ்.கியூ.எல். மொழி அதனை ஏற்கவில்லை. அம்மொழியில் இன்றும் ஒரே ஒரு வெறுமைதான் உண்டு. ஒரு குறி இருபொருள் தாங்குவதே பின்னர் வரும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் தோற்றுவாய்.

ஆம், இல்லை, அறியோம்

அன்றாட வழக்கில் ஒரு கூற்று உண்மையாகும்; அன்றேல் பொய்யாகும். தரவுத்தளத்தில் மூன்றாவதொரு விடை உண்டு. ‘இவ்விரு பதிவுகளின் பிறந்தநாளும் ஒன்றா?’ என வினவும்போது, இரண்டும் வெறுமையாக இருப்பின், ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ அது விடையிறுக்காது. ‘அறியோம்’ என்றே கொள்ளும். தெரியாத நாளும் தெரியாத நாளும் ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் அல்லவா? எனவேதான் ஒரு புலம் வெறுமைக்குச் ‘சமமா’ எனத் தேடினால் ஒரு பதிவும் கிட்டாது. ‘வெறுமையாக உள்ளதா’ எனத் தனிக் கட்டளையால் வினவுதல் வேண்டும்.

இம்மூன்றாம் விடையைத் தரவுத்தளம் இடத்திற்கேற்ப இருவேறு வகையில் நடத்துகிறது. தேடும்போது ‘ஆம்’ எனத் தேறிய பதிவுகள் மட்டுமே வெளிவரும். ‘அறியோம்’ எனப்பட்டவை விடுபட்டுப்போகும். கட்டுப்பாட்டைச் சரிபார்க்கும்போதோ ‘இல்லை’ எனத் தெளிவாகத் தெரிந்தவை மட்டுமே தடுக்கப்படும். ‘அறியோம்’ எனப்பட்டவை உள்ளே நுழைந்துவிடும். தேடலில் வாயில் அடைக்கப்பட்ட அதே ‘அறியோம்’, சரிபார்ப்பில் திறந்த வாயில் வழியே செல்கிறது. அனுபவம் மிக்க வடிவமைப்பாளரும் இங்கே சறுக்குவதுண்டு.

வெறுமைத் தடை

ஒரு புலம் ஒருபோதும் வெறுமையாக இருத்தல் கூடாது என விதிப்பது வெறுமைத் தடை ஆகும். கணினி மொழியில் இது ‘நாட் நல்’ எனப்படும். முதன்மைத் திறவுகோலாக அமையும் புலத்திற்கு இத்தடை இயல்பாகவே உண்டு. அடையாளமே இல்லாத பதிவைப் பின்னர் எவ்வாறு கண்டெடுப்பது? ஏனைய புலங்களுக்கு இத்தடையை விதிப்பதும் விடுப்பதும் வடிவமைப்பவரின் பொறுப்பு.

தடை விதிப்பதால் விளையும் நன்மை பெரிது. தொகை எழுதப்படாத பணப்பரிமாற்றம், நாள் குறிக்கப்படாத பிறப்புப் பதிவு போன்றவை அட்டவணைக்குள் நுழையாமல் காக்கப்படுகின்றன. மென்பொருள் எழுதுவோர் எத்தனை பேராயினும், அவர்களுள் ஒருவர் சரிபார்க்க மறந்துவிட்டாலும், தரவுத்தளம் மறப்பதில்லை.

முன்பே பதிவுகள் நிறைந்த அட்டவணைக்குத் தடை விதிக்கும்போது கவனம் தேவை. ஏற்கெனவே வெறுமையான இடம் ஒன்று இருப்பினும் தரவுத்தளம் அத்தடையை ஏற்காது. ஆகவே, புதிய புலத்தை முதலில் தடையின்றிச் சேர்த்து, பழைய பதிவுகளுக்கு உரிய மதிப்புகளைத் தேடி நிரப்பி, அதன்பின்னரே தடையை விதித்தல் முறை. பலரும் நடுப்படியைத் தாண்டிவிடுகின்றனர். ‘1-1-1900’ என்னும் நாளையோ ‘0000’ என்னும் எண்ணையோ எல்லாப் பதிவுகளிலும் இட்டு நிரப்பிவிட்டு, தடை வெற்றி பெற்றதாக எண்ணுகின்றனர். தடை கேட்பது ஏதேனும் ஒரு மதிப்பை மட்டுமே. உண்மையான மதிப்பா என அது கேட்பதில்லை. வெறுமை இருந்த இடத்தில் பொய் வந்து அமர்ந்தால், முன்னைய நிலையே மேல் எனத் தோன்றும். வெறுமையையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம்; மெய்போல் வேடமிட்ட பொய்யைக் கண்டுபிடிப்பது அரிது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ‘நல்’ என்னும் நான்கு எழுத்துகளையே தம் மகிழுந்தின் பதிவெண்ணாக விரும்பிப் பெற்றார். பதிவெண் குறிக்கப்படாத வாகனங்களுக்கான அபராதச் சீட்டுகள் அவர் பெயருக்கு வந்து குவிந்தன. அவற்றின் மொத்தத் தொகை 12,000 டாலரைக் கடந்தது. 2019இல் இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. வெறுமை என்னும் நிலையும், ‘வெறுமை’ என எழுதப்பட்ட சொல்லும் ஒன்றாகக் கொள்ளப்பட்டதால் நேர்ந்தது இது.

அச்சகராதி காட்டும் வழி

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ‘செய்’ என்னும் சொல்லைத் தேடினால், அதனருகே 1 என்னும் எண் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வினை காலம் காட்டும்போது எவ்வகையில் திரிபடையும் என்பதைச் சுட்டும் வகையெண் அது. ‘மரம்’ என்னும் சொல்லின் அருகே அத்தகைய எண் இல்லை. அங்கே ஒரு கட்டம் வரையப்பட்டு வெறுமையாக விடப்பட்டிருக்கவும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு வினைத்திரிபு கிடையாது. ஆதலின் எழுத இடமும் இல்லை. அச்சுத்தாளில் இது எளிது.

இவ்வகராதியைப் போன்றதொன்றைத் தரவுத்தளமாக்க முனையும்போதுதான் வினா எழுகிறது. அட்டவணையில் ஒரு புலத்தை வரைந்தால், அஃது எல்லாப் பதிவுகளுக்கும் வரையப்பட்டதே ஆகும். ‘மரம்’ என்னும் பதிவிலும் வினைக்குரிய கட்டம் ஒன்று திறந்திருக்கும்.

சொல் எனச் சிறப்பாகக் கொள்ளப்படுவன பெயரும் வினையும் என்றும், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருவன என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. பெயர் வேற்றுமையை ஏற்கும். வினை வேற்றுமையை ஏலாது, காலத்தோடு தோன்றும். தலைச்சொல், பொருள் ஆகியவை எல்லாச் சொற்களுக்கும் பொது. திணை பெயருக்கு உரியது. இறந்தகால இடைநிலை வினைக்கு உரியது. பொதுப்பண்பை ஓரிடத்திலும் சிறப்புப்பண்பை வேறிடத்திலும் வைத்து, சிறப்புடையது பொதுவின் பண்புகளையும் பெறுமாறு அமைப்பதைக் கணினியியலார் மரபுரிமம் என்பர். அட்டவணைகளில் மரபுரிமத்தை அமைக்க மூன்று வழிகள் உள்ளன. மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட மென்பொருள் கட்டமைப்பு நூலுக்குப் பின் இவை தனித்தனிப் பெயர்களோடு பரவலாக அறியப்பட்டன.

எல்லாச் சொல்லும் ஓர் அட்டவணையில்

முதல் வழியில் எல்லாச் சொற்களும் ஒரே அட்டவணையில் இடம்பெறும். எண், தலைச்சொல், பொருள், சொல்வகை, திணை, இடைநிலை ஆகியவை அதன் புலங்கள். தேடுவது விரைவு, எழுதுவது எளிது. எனினும் ‘இடைநிலை’ புலத்திற்கு வெறுமைத் தடை விதிக்க இயலாது. விதித்தால் ‘மரம்’ என்னும் சொல்லை உள்ளிடவே முடியாது. விதிக்காவிடில், ‘செய்’ என்னும் வினையை இடைநிலை இன்றியே ஒருவர் உள்ளிட்டுவிடலாம். பெயரின் பொருந்தா வெறுமைக்கு வழிவிட்டதால், வினையின் கவனக்குறைவுக்கும் வழி திறந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக நிபந்தனைக் கட்டுப்பாடு ஒன்றை எழுதலாம். சொல்வகை வினையாயின் இடைநிலை வெறுமையாதல் கூடாது. சொல்வகை பெயராயின் இடைநிலை வெறுமையாகவே இருத்தல் வேண்டும் என்பது அது. பின்பகுதியைப் பலர் எழுத மறந்துவிடுவர். அதனை எழுதாவிடில் ‘மரம்’ என்பதற்கும் ‘த்’ என்னும் இடைநிலையை யாரேனும் சேர்த்துவிடக்கூடும்.

‘அறியோம்’ என்னும் விடை இங்கே தன் வேலையைக் காட்டும். ‘வினையாயின் இடைநிலை த், ட், ற், இன் ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதுமெனத் தோன்றும். போதாது. இடைநிலை வெறுமையாக இருப்பின், ‘இந்நான்கனுள் ஒன்றா?’ என்னும் வினாவுக்கு விடை ‘அறியோம்’. சரிபார்ப்பில் ‘அறியோம்’ தடுக்கப்படுவதில்லை. வெறுமை உள்ளே நுழைந்துவிடும். ஆதலால் ‘வெறுமையன்று’ என்பதையும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். அவ்வாறே ‘சொல்வகை’ என்னும் புலத்திற்கும் வெறுமைத் தடை இன்றியமையாதது. சொல்வகையே வெறுமையாயின், வினைக்கான விதியும் பெயருக்கான விதியும் ‘அறியோம்’ எனக் கைவிரிக்க, ஒரு விதிக்கும் உட்படாத பதிவு அட்டவணையில் அமர்ந்துவிடும்.

தாய் அட்டவணையும் சேய் அட்டவணைகளும்

இரண்டாம் வழியில் பொதுப்பண்புகள் தாய் அட்டவணையில் வைக்கப்படும். ‘சொல்’ என்னும் தாய் அட்டவணையில் எண், தலைச்சொல், பொருள் ஆகியவை மட்டும் இருக்கும். ‘பெயர்’ என்னும் சேய் அட்டவணையில் எண்ணும் திணையும், ‘வினை’ என்னும் சேய் அட்டவணையில் எண்ணும் இடைநிலையும் அமையும். சேயின் எண், அதற்கு முதன்மைத் திறவுகோலாகவும், தாயைச் சுட்டும் அயல் திறவுகோலாகவும் விளங்கும். தலைச்சொல்லையே திறவுகோலாக்கலாமே எனின், ‘அடி’, ‘படி’ போன்ற சொற்கள் இடர் தரும். ‘படி’ பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தமிழ்ப் பேரகராதி இத்தகைய சொற்களைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்து எண்ணிட்டுக் காட்டுகிறது. தரவுத்தளத்திலும் அவை இருவேறு பதிவுகளே.

இவ்வமைப்பில் ‘மரம்’ என்னும் சொல்லுக்கு இடைநிலைக் கட்டமே இல்லை. அச்சகராதியில் இருந்த நிலை மீண்டும் வாய்த்துவிட்டது. ‘வினை’ அட்டவணையின் இடைநிலைக்கு அச்சமின்றி வெறுமைத் தடை விதிக்கலாம்; ‘பெயர்’ அட்டவணையின் திணைக்கும் விதிக்கலாம். இரு திணைக்கும் பொதுவாக வரும் பெயர்களுக்கு ‘விரவு’ என்னும் மதிப்பு உண்டு. அதனை வெறுமையாக விடுதல் தகாது. எதுவெனத் தெரியவில்லை என்பது வேறு, இரண்டற்கும் பொது என்பது வேறு.

பொருந்தா வெறுமை அட்டவணையை விட்டு நீங்கினும், முற்றிலும் மறைந்துவிடவில்லை. எல்லாச் சொற்களையும் அவற்றின் பண்புகளோடு ஒரே பட்டியலாகப் பெற, தாயையும் சேய்களையும் வெளி இணைப்பால் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தவுடன் ‘மரம்’ என்பதன் எதிரே இடைநிலை வெறுமையாகத் தோன்றும். விடையாகப் பெற்ற பட்டியலில் வெறுமை தோன்றுவதில் தவறில்லை. சேமிப்பில் அதற்கு இடமில்லை என்பதே கருதத்தக்கது.

வேறொரு குறையும் உண்டு. ஒரே எண் ‘பெயர்’ அட்டவணையிலும் ‘வினை’ அட்டவணையிலும் இடம்பெறுவதை மேற்கண்ட அமைப்பு தடுக்கவில்லை. இதனைத் தடுக்க, தாயிலும் சேயிலும் சொல்வகையைச் சேர்ப்பர். தாயில் எண், சொல்வகை ஆகிய இரண்டும் சேர்ந்த இணை தனித்தன்மையுடையது என விதிக்கப்படும். ‘வினை’ அட்டவணையில் சொல்வகை எப்போதும் ‘வினை’யாகவே இருத்தல் வேண்டும் எனக் கட்டுப்பாடு இடப்பட்டு, அவ்விணையே அயல் திறவுகோலாக்கப்படும். அதன்பின் தாயில் ‘பெயர்’ எனக் குறிக்கப்பட்ட எண் ‘வினை’க்குள் புக வழியில்லை. சேயின் சொல்வகைக்கு வெறுமைத் தடையை மறவாது விதித்தல் வேண்டும். ஏனெனில், இரு புலங்களால் ஆன அயல் திறவுகோலில் ஒன்று வெறுமையாயினும், பெரும்பாலான தரவுத்தளங்கள் அத்தொடர்பைச் சரிபார்ப்பதே இல்லை. தாயில் எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் சேய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எளிய கட்டுப்பாட்டால் உறுதிசெய்ய இயலாது. அதனை மென்பொருள்தான் கவனிக்க வேண்டும்.

‘விட்டான்’ எழுப்பிய வினா

சேய் அட்டவணை அமைந்துவிட்டது, தடையும் விதிக்கப்பட்டுவிட்டது. செய்தான் என்பதில் ‘த்’, உண்டான் என்பதில் ‘ட்’, கற்றான் என்பதில் ‘ற்’, ஓடினான் என்பதில் ‘இன்’ என ஒவ்வொரு வினைக்கும் இடைநிலை பதிவாகிறது. ‘விடு’ என்னும் வினை வருகிறது. விட்டான் என்னும் சொல்லில் இடைநிலை எது? பகுபத உறுப்பிலக்கணம் கற்ற மாணவர் உடனே விடை கூறுவர்: அங்கே இடைநிலை இல்லை, பகுதியே ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுகிறது. புக்கான், பெற்றான் என்பனவும் அத்தகையன.

தடை ‘விடு’ என்னும் சொல்லை உள்ளே விட மறுக்கிறது. தட்டச்சு செய்பவர், வேறு வழியின்றி, ‘ட்’ என இட்டு நிரப்பிவிடுகிறார். குடும்பப்பெயர்க் கட்டத்தில் புள்ளி வைத்தவர் செய்ததையே அவரும் செய்கிறார். நாளை ‘ட்’ இடைநிலை பெறும் வினைகள் எவை எனத் தேடும் ஆய்வாளருக்கு உண்டானும் விட்டானும் ஒன்றாகக் கிடைக்கும்.

தடையை நீக்கிவிடலாம் எனத் தோன்றலாம். நீக்கினால் கவனக்குறைவும் உள்ளே வரும். உண்மையில் தவறு தடையில் இல்லை. புலத்தின் பெயரில் உள்ளது. எல்லா வினைக்கும் இடைநிலை உண்டு எனக் கொண்டது பிழை. ‘இறந்தகாலம் காட்டும் முறை’ எனப் புலத்தை மாற்றி, த், ட், ற், இன், இரட்டித்தல் என மதிப்புகளை விரித்தால், ‘விடு’ தன் இயல்போடு உள்ளே வரும், தடையும் நிலைபெறும்.

அதன்பின்னும் ஒன்று எஞ்சுகிறது. ‘இல்லை’, ‘உண்டு’, ‘அன்று’ ஆகியவை குறிப்பு வினைகள். காலத்தை வெளிப்படையாகக் காட்டாதவை. இவற்றுக்கு மேற்கண்ட ஐந்து மதிப்புகளுள் எதுவும் பொருந்தாது. ‘வினை’ என்னும் சேயைத் ‘தெரிநிலை வினை’, ‘குறிப்பு வினை’ என மேலும் பிரித்து, காலம் காட்டும் முறையைத் தெரிநிலை வினைக்கு மட்டும் உரியதாக்கலே பொருத்தம். வினையை இவ்வாறு இரண்டாகப் பகுத்துணர்ந்த இலக்கணிகள் அட்டவணை எதனையும் வரையவில்லை. ஆயினும், எவ்விடத்தில் எதனைக் கட்டாயமாக்கலாம் என்பதற்கான விடை அவர்கள் பகுப்பிலேயே உள்ளது.

எனினும், எல்லா வெறுமையையும் நீக்கும்வரை பிரித்துக்கொண்டே செல்வது அறிவுடைமை ஆகாது. மரம் என்பது உருபேற்கும்போது ‘அத்து’ச் சாரியை பெற்று மரத்தை என வரும், ‘கல்’ சாரியையின்றிக் கல்லை என வரும். சாரியை பெறும் பெயருக்கென ஓர் அட்டவணையும் பெறாப் பெயருக்கென மற்றோர் அட்டவணையும் அமைத்தால், அகராதி தன் பளுவாலேயே தளர்ந்துவிடும். ஒரு புலத்திற்காக அட்டவணையைப் பிளப்பதினும், அங்கே வெறுமையை இசைந்து ஏற்று, ‘இப்புலத்தில் வெறுமை என்பது சாரியை பெறாமையைக் குறிக்கும்’ என எழுதிவைப்பதே மேல்.

பிற வழிகள்

மூன்றாம் வழியில் தாய் அட்டவணையே இராது. பெயர்களும் வினைகளும் தத்தம் பொதுப்பண்புகளையும் தாமே சுமந்து தனித்தனி அட்டவணைகளாக நிற்கும். வெறுமைத் தடை விதிப்பதில் தடங்கல் இல்லை. ஆனால், சொற்களுக்கு இலக்கிய மேற்கோள் தரும் மற்றோர் அட்டவணை இருப்பின், அதன் அயல் திறவுகோல் எந்த அட்டவணையைச் சுட்டும்? ‘சொல்’ என ஒன்று இல்லாத இடத்தில் சொல்லைச் சுட்ட இயலாது. இவ்வழி அகராதிக்குப் பொருந்தாது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வுத்திட்டத்திலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அட்டவணை மரபுரிமத்தைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. தாயை வினவினால் சேய்களின் பதிவுகளும் சேர்ந்தே வரும். தாய்க்கு விதித்த வெறுமைத் தடையும் சரிபார்ப்புக் கட்டுப்பாடும் சேய்க்கும் உரிமையாகும். ஆயின், தனித்தன்மைக் கட்டுப்பாடும் அயல் திறவுகோலும் உரிமையாவதில்லை. தாயில் உள்ள எண்ணே சேயிலும் மீண்டும் வரக்கூடும். இக்குறையை அத்தரவுத்தளத்தின் ஆவணமே எடுத்துரைக்கிறது. அதனால்தான் பலர் இவ்வசதியை விடுத்து, தாய்–சேய் அட்டவணைகளைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர்.

மீண்டும் பெயர்க் கட்டத்திற்கு

அகராதிக்குப் பொருந்திய முறை மாணவியின் விண்ணப்பத்திற்கும் பொருந்தும். எல்லா மனிதருக்கும் பொதுவானது ஒரு பெயர். அதனை ‘முழுப்பெயர்’ என ஒரே புலமாக்கித் தாய் அட்டவணையில் வைத்து வெறுமைத் தடை விதிக்கலாம். குடும்பப்பெயர் உடையோருக்கு ஒரு சேய் அட்டவணை. தலைப்பெழுத்து உடையோருக்கு மற்றொன்று. தலைப்பெழுத்து அட்டவணையில் அவ்வெழுத்தும், அது யாருடைய பெயரின் முதலெழுத்து என்பதும் கட்டாயப் புலங்களாகலாம். இக்காலத்தில் தாய், தந்தை இருவர் பெயரின் முதலெழுத்தையும் சூடிக்கொள்வோர் உள்ளனர். அவர்களுக்கு அச்சேயில் இரு பதிவுகள். இந்தோனேசியாவின் முதல் இரு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோ, சுகார்த்தோ போன்று ஒற்றைப் பெயரே உடையோருக்கு எந்தச் சேயிலும் பதிவு இராது. தாயில் உள்ள பதிவே முழுமையானது. ஐசுலாந்து மக்களின் பெயரில் பின்னால் வருவது பெரும்பாலும் குடும்பப்பெயர் அன்று. அது தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து ஆக்கப்பட்டது. அதற்கும் தனிச்சேய் ஒன்று வேண்டும்.

இவ்வமைப்பில் மாணவியின் பெயருக்குப் பின் திறந்து கிடக்கும் கட்டம் எதுவும் இல்லை. அவள் புள்ளி வைக்க வேண்டியதில்லை. ‘அறியப்படவில்லை’ என்னும் மூன்றெழுத்தும் அவள் பெயர்முன் வந்து நிற்காது.

கற்பவை கற்றபின்

வங்கி, அஞ்சலகம், கல்லூரி ஆகியவற்றின் விண்ணப்பப் படிவங்களைத் திரட்டி, உடுக்குறி இட்ட கட்டங்களுள் எவை எல்லாருக்கும் பொருந்துவன, எவை சிலருக்கு மட்டுமே பொருந்துவன எனக் குழுவாகக் கலந்துரையாடுக. இடைச்சொல், உரிச்சொல் ஆகியவற்றுக்குச் சேய் அட்டவணைகள் அமைப்பதாயின், எப்புலங்களுக்கு வெறுமைத் தடை விதிக்கலாம் எனக் காரணத்துடன் எழுதுக.